நத்தார் விருந்தும் வைன் போத்தலின் விலையும்

இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் நத்தார் தினத்தன்று லண்டனில் ஒரு நண்பரின் வீட்டு மதிய விருந்துக்கு அழைக்கப்பட்டிருந்தேன். நண்பர் யாழ்ப்பாணத்தவர். முப்பது ஆண்டுகளாக அந்நகரில் வாழ்பவர். பெற்றோல் நிலையம் ஒன்றில் இரவு வேலை செய்து பிள்ளைகளைப் படிப்பித்து ஆளாக்கியவர். அவரது மூத்த மகள் அதற்கு முந்திய கோடையில் ஓர் ஆங்கிலேய இளைஞரை மணந்திருந்தார். சம்பந்தி வீட்டார் முதன்முறையாக நண்பரின் மேசையில் உணவருந்த வரும் நாள் அது.

மேசையின் நடுவே சிவப்பு வைன் போத்தல் ஒன்று வைக்கப்பட்டிருந்தது. பிரான்சின் போர்தோப் பிரதேசத்தைச் சேர்ந்தது. வயதில் இளையது; கனமும் துவர்ப்பும் மிக்கது. வான்கோழியோடு நண்பரின் மனைவி ஆசையுடன் சமைத்த ஆட்டிறைச்சிக் கறியும் பரிமாறப்பட்டது. விருந்தினர் ஆளுக்கு இரண்டு மிடறு வைன் அருந்தி, நன்றாக இருக்கிறது என்று பண்போடு சொன்னார்கள். அதன் பின்னர் தண்ணீரையே நாடினார்கள். விருந்து முடிந்தபோது போத்தலில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது.

அதன் விலை 65 பவுண் என்பதைச் சமையலறையில் வைத்து நண்பர் என்னிடம் மெல்லிய குரலில் சொன்னார். அவர் ஓரிரவு கண்விழித்து உழைத்த கூலியின் பெரும்பகுதி அது.

"அண்ணை, அவையள் குடிக்கிற சாமானைப் பற்றி எனக்கென்ன தெரியும்? விலையைப் பாத்துத்தான் வாங்கினனான். குறைஞ்சதை வைச்சால் மகளுக்கெல்லோ மரியாதையில்லை" என்றார்.

நண்பரின் அந்த வார்த்தைகள் நெடுநாள் என் மனதை விட்டு அகலவில்லை. புலம்பெயர்ந்த நாடுகளில் நமது மக்கள் பலர் இதே அச்சத்தோடுதான் டிசம்பர் மாதத்தில் சுப்பர் மார்க்கெட்டின் வைன் அடுக்குகளின் முன்னால் நிற்கிறார்கள். தமக்குத் தெரியாத ஒன்றில் தவறிவிடுவோமோ என்ற அச்சம் அது. அந்த அச்சத்துக்கு விலை உண்டு என்பதை விற்பவர்கள் நன்கறிவார்கள். விலையை வைத்து வைனைத் தெரிவுசெய்வது தவறு. உணவை வைத்தே தெரிவுசெய்ய வேண்டும். அதற்குப் பெரும் பணமோ பெரும் புலமையோ தேவையில்லை என்பதே இப்பத்தியில் நான் சொல்ல விழைவது. மது அருந்தாதவர்கள் அருந்தத் தொடங்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அதைப் பற்றியும் பின்னர் பேசுவேன்.

பெரும் பெயரும் பெரும் விலையும் சுவைக்கு உத்தரவாதமல்ல என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு அன்று. பத்திரிகைத் தொழிலில் இருந்தவன் என்ற வகையில் எனக்குப் பிடித்த ஒரு செய்தி உண்டு. 1976 மே 24ஆம் திகதி பாரிஸ் நகரில் வைன் கடை நடத்திவந்த ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேயர் ஒரு சுவைப் போட்டியை ஒழுங்கு செய்தார். பிரான்சின் புகழ்பூத்த வைன்களும், அப்போது உலகம் பெரிதாகப் பொருட்படுத்தாத கலிபோர்னிய வைன்களும் பெயர் மறைக்கப்பட்டுப் பரிமாறப்பட்டன. நடுவர்களாக இருந்த ஒன்பது பிரெஞ்சு வல்லுநர்களும் அத்துறையில் கொடிகட்டிப் பறந்தவர்கள். முடிவில் வெள்ளை வைனிலும் சிவப்பு வைனிலும் முதலிடம் பெற்றவை கலிபோர்னியாவின் ஷட்டோ மொன்டெலினாவும் ஸ்டாக்ஸ் லீப் நிறுவனத்தின் வைனும். இரண்டும் 1973ஆம் ஆண்டின் விளைச்சல்.

பிரெஞ்சு வைன் வெல்லும் என்பது எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்த முடிவு என்பதால் பத்திரிகையாளர்கள் அந்நிகழ்வைப் பொருட்படுத்தவில்லை. சென்றவர் ஒருவர் மட்டுமே. 'டைம்' சஞ்சிகையின் ஜோர்ஜ் டேபர் அவர். அவர் எழுதிய சிறிய செய்தி வைன் உலகின் வரலாற்றையே திருப்பிப் போட்டது. முடிவு தெரிந்த நிகழ்ச்சி என்று எண்ணி வீட்டிலிருந்த செய்தியாளர்களின் தவறும், விலையைப் பார்த்துச் சுவையை முடிவு செய்யும் நமது தவறும் ஒன்றே.

2008ஆம் ஆண்டில் வெளியான இரண்டு ஆய்வுகளும் இங்கு கவனத்துக்குரியவை. கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தையும் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள் ஒரே வைனை ஒரு முறை 10 டொலர் என்றும், மறுமுறை 90 டொலர் என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். 90 டொலர் என்று சொன்னபோதே அது கூடுதலாகச் சுவைத்ததாக அருந்தியவர்கள் கூறினர். மூளையில் இன்ப உணர்வோடு தொடர்புடைய பகுதியும் அப்போதே கூடுதலாக இயங்கியது. மற்றைய ஆய்வு, விலை தெரியாமல் சுவைக்கப்பட்ட 6,000க்கும் மேற்பட்ட தீர்ப்புகளைத் தொகுத்தது. பயிற்சி பெறாத சாதாரண மக்கள் விலை கூடிய வைனைச் சராசரியில் சற்றுக் குறைவாகவே விரும்பினர் என்பது அதன் முடிவு. விலையைச் சொன்னால்தான் அது இனிக்கும் என்றால், விருந்தினர் முன்னால் விலையைச் சொல்ல முடியாத நாம் அந்தப் பணத்தை ஏன் செலவிட வேண்டும்?

ஆகவே கிடைப்பதில் மிகமலிவானதை வாங்கிவிடலாம் என்று எவரும் முடிவுகட்டிவிட வேண்டாம். அதுவும் நட்டமே. பிரித்தானியாவை எடுத்துக்கொள்வோம். 2025 பெப்ரவரி முதல் அங்கு வைனுக்கான மதுவரி அதிலுள்ள மதுசாரத்தின் அளவுக்கேற்ப விதிக்கப்படுகிறது. அப்போது நடைமுறைக்கு வந்த விகிதப்படி 13 சதவீத மதுசாரமுள்ள 750 மில்லிலீற்றர் போத்தலுக்கு ஏறக்குறைய 2 பவுண் 88 பென்ஸ் வரி. இதற்கு மேல் 20 சதவீதப் பெறுமதி சேர் வரி. 6 பவுண் போத்தலில் இவ்விரு வரிகளும் போக மிஞ்சுவது 2 பவுண் 12 பென்ஸ். கண்ணாடிப் போத்தல், மூடி, கப்பற்கூலி, கடைக்காரரின் இலாபம் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். உள்ளேயுள்ள வைனுக்கு என்ன மிஞ்சும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அதே கணக்கை 10 பவுண் போத்தலுக்குப் போட்டால் மிஞ்சுவது 5 பவுண் 45 பென்ஸ். மதுவரி விலையைப் பார்ப்பதில்லை என்பதால், நாம் கூடுதலாகக் கொடுக்கும் 4 பவுணில் பெரும்பங்கு உற்பத்தியையும் தரத்தையும் நோக்கிச் செல்கிறது. பின்னர் விகிதம் மாறினாலும் இக்கணக்கின் அமைப்பு மாறாது. ஆனால் 20 பவுணைத் தாண்டிய பின்னர் நாம் கொடுக்கும் ஒவ்வொரு பவுணிலும் ஊரின் புகழுக்கும் பொருளின் அருமைக்கும் உரிய பங்கு ஏறிக்கொண்டே போகிறது. எனவே பிரித்தானியாவில் 9 முதல் 13 பவுண் வரையான பகுதியே சாதாரணக் குடும்பத்தின் விருந்துக்கு உகந்தது என்பது என் கருத்து. பிரான்சில் சாதாரண வைனுக்கான மதுவரி போத்தலுக்குச் சில சதங்களே. ஆகவே அங்கு 6 முதல் 9 யூரோவுக்கே நல்ல வைன் கிடைக்கும். ஏனைய நாடுகளில் வாழும் வாசகர்கள் தத்தம் நாட்டு வரியைக் கொண்டு இக்கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

இந்த விலைக்குள் எதை வாங்குவது? நான் கைக்கொள்ளும் விதி எளியது. புகழ்பெற்ற ஊரை விட்டு அதன் அயலூருக்குச் செல்லுங்கள். கறுத்தக்கொழும்பான் என்று சொன்னாலே சந்தையில் மாம்பழத்தின் விலை ஏறுவதை அறிந்த நமக்கு இது புதிதல்ல. பிரான்சின் ஷாம்பெயின் பிரதேசத்தில் உற்பத்தியாவதற்கு மட்டுமே ஷாம்பெயின் என்ற பெயர் உரியது. ஆனால் போத்தலுக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்கவைத்து நுரையை உண்டாக்கும் அதே முறையில், அல்சாஸ், லுவார், லிமூ முதலிய பிரதேசங்களில் 'கிரெமான்' என்ற பெயரிலும், ஸ்பெயினின் கத்தலோனியாவில் 'காவா' என்ற பெயரிலும் நுரைக்கும் வைன் தயாராகிறது. விலை ஷாம்பெயினின் பாதியோ அதற்கும் குறைவோதான். சான்செர் என்ற ஊரின் வெள்ளை வைனுக்கு விலை அதிகம். அதே சொவினியோன் பிளாங் திராட்சையில் அதே லுவார் நதிப் படுகையின் தூரேன் பகுதியில் செய்யப்படுவது மலிவு. சோத்தேர்ன் இனிப்பு வைனை வாங்க இயலாதவர்களுக்கு மொன்பசியாக் இருக்கிறது.

அடுத்தது உணவு. வைன் பற்றிய மேனாட்டார் நூல்களைப் பார்த்து மிரள வேண்டியதில்லை. அறுசுவையைப் பெயரிட்டு வகுத்த மொழி நம்முடையது. புளிப்பு, இனிப்பு, துவர்ப்பு, இவற்றோடு கனம். வைனை மதிப்பிட இந்த நான்கும் தெரிந்தால் போதும். வான்கோழி இறைச்சி கொழுப்புக் குறைந்தது, எளிதில் உலர்ந்துபோவது. அதனோடு கிரான்பெரிச் சாறின் இனிப்பும் புளிப்பும், களைக்கோசின் மெல்லிய கசப்பும் சேர்கின்றன. இத்தகைய மேசையில் துவர்ப்பு மிக்க கனத்த சிவப்பு வைன் வாயை மேலும் உலர்த்தும். நண்பரின் போர்தோ வைனுக்கு நேர்ந்தது அதுவே. அது கெட்ட வைனல்ல. பத்து ஆண்டுகள் கிடந்து துவர்ப்பு அடங்கிய பின்னர், மாட்டிறைச்சியோடு வர வேண்டியது. வான்கோழிக்குத் துவர்ப்புக் குறைந்த, புளிப்புச் சற்று எடுப்பான சிவப்பு வைனே பொருந்தும். பிரான்சின் போஜொலே பகுதியில் கமே திராட்சையில் செய்யப்படும் போஜொலே வில்லாஜ், உருமேனியா அல்லது சிலியில் இருந்து வரும் பினோ நுவார் ஆகியன சகாய விலையில் கிடைப்பவை. வெள்ளை வைனை விரும்புவோருக்குத் தென்னாபிரிக்காவின் செனின் பிளாங்.

நமது வீடுகளில் வான்கோழியோடு கறியும் வரும். வர வேண்டும். செத்தல் மிளகாயின் உறைப்பு, வைனின் மதுசாரத்தையும் துவர்ப்பையும் பன்மடங்காகக் காட்டும். அவையும் பதிலுக்கு உறைப்பை ஏற்றிவிடும். இதற்கு மாற்று, மதுசாரம் குறைந்த, இலேசான இனிப்பும் நல்ல புளிப்பும் உள்ள வெள்ளை வைன். ஜெர்மனியின் மோசெல் ஆற்றங்கரைகளில் விளையும் ரீஸ்லிங் இதற்கென்றே அமைந்தது போன்றது. அதில் 'கபினெட்' என்று குறிக்கப்படும் வகையில் மதுசாரம் பெரும்பாலும் 8 அல்லது 9 சதவீதமே. தேங்காய்ப்பால் விட்ட குழம்போடும் இறால் பொரியலோடும் அது இணங்கிப் போவதைச் சுவைத்தே அறிய வேண்டும். இறுதியில் வரும் நத்தார் புடிங்கிற்கு ஒரு விதியே உண்டு. வைன் உணவை விட இனிப்பாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வைன் புளித்துப் போனது போலத் தோன்றும். ஸ்பெயினின் மொஸ்கட்டெல் டி வலென்சியா இவ்விடத்துக்குப் பொருந்தும். பல கடைகளில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைப்பதும் அதுவே.

நடைமுறையில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. திருகு மூடி மலிவின் அடையாளமல்ல. அவுஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கில் ரீஸ்லிங் உற்பத்தியாளர்கள் 2000ஆம் ஆண்டில் தமது நல்ல வைன்களுக்கே அதைத் தெரிவுசெய்தார்கள். தக்கையில் உண்டாகும் கெட்ட வாடையைத் தவிர்ப்பதே நோக்கம். பாரமான போத்தலும் ஆழமாகக் குழிந்த அடிப்பாகமும் தரத்தைக் காட்டுவன அல்ல. கண்ணாடிக்கும் சேர்த்தே நாம் பணம் கொடுக்கிறோம். சிவப்பு வைனை அறை வெப்பநிலையில் பரிமாற வேண்டும் என்ற அறிவுரை வீடுகள் குளிர்ந்து கிடந்த காலத்தது. இன்றைய வீடுகளின் 21 பாகை வெப்பம் அதற்கு அதிகம். இலகுவான சிவப்பு வைனை அரை மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தெடுங்கள். 10 பவுண் வைன் அதனாலேயே மேம்பட்டு நிற்கும். ஒரு போத்தலில் 125 மில்லிலீற்றர் கொண்ட ஆறு கிளாஸ்கள் வார்க்கலாம் என்பதை மனதிற்கொண்டால் தேவைக்கதிகமாக வாங்க நேராது.

வைன் நமக்கு முற்றிலும் அந்நியமானதும் அல்ல. யவனர் மரக்கலங்களில் கொண்டுவந்த மணமுள்ள தேறலைப் பாண்டியன் நன்மாறன் பொற்கிண்ணத்தில் அருந்தியதை நக்கீரர் புறநானூற்றின் 56ஆம் பாடலில் குறிப்பிடுகிறார். கடல் கடந்து வந்தது என்பதே அரசனுக்கும் பெருமையாக இருந்திருக்கிறது. ஆனால் நமது ஊர்களில் பனங்கள்ளை எவரும் விலையை வைத்து மதிப்பிட்டதில்லை. எந்த மரத்துக் கள், எந்த நேரத்தில் இறக்கியது, முட்டி சுத்தமானதா என்றே பார்த்தார்கள். அந்த அறிவு நம்மிடம் இருந்தது. வெள்ளைக்காரரின் போத்தல் முன்னால் வந்ததும் அதை மறந்து விலைச்சீட்டிடம் சரணடைந்துவிடுகிறோம்.

இனி, முன்னர் சொல்லிவைத்த விடயத்துக்கு வருகிறேன். மதுவில் பாதுகாப்பான அளவு என்று ஒன்றில்லை என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2023 ஜனவரியில் தெளிவாகக் கூறியது. வாரத்துக்கு 14 அலகுகளுக்கு மேல் வேண்டாம் என்பது 2016ஆம் ஆண்டு முதல் பிரித்தானியத் தலைமை மருத்துவ அதிகாரிகளின் அறிவுரை. 13 சதவீத வைனில் அது ஏறத்தாழ ஒன்றரைப் போத்தல். ஒரு வாரம் முழுவதற்குமான அந்த அளவை நத்தார் மேசையில் ஒரே அமர்வில் முடித்துவிடுபவர்கள் நம்மிடையே உண்டு. மதுவினால் சிதைந்த குடும்பங்களை நாம் அனைவரும் அறிவோம். "ஒண்டு எடுங்கோ, ஒண்டும் செய்யாது" என்று வற்புறுத்துவதை உபசாரம் என்று எண்ணும் வழக்கம் நம்மவரிடம் உண்டு. அதை இன்றே கைவிட வேண்டும். அருந்தாதவர், வாகனம் ஓட்ட வேண்டியவர், மருந்து உட்கொள்பவர், விட்டொழிக்கப் போராடிக்கொண்டிருப்பவர் எனப் பலரும் அந்த மேசையில் இருப்பார்கள். எவரும் காரணம் சொல்லத் தேவையில்லாத மேசையே நல்ல மேசை. இஞ்சியும் தேசிக்காயும் பிழிந்த சோடாவை அதே அழகான கிளாஸில் அவர்களுக்கு முதலில் கொடுங்கள். வைனில் பணத்தை மீதப்படுத்தச் சொல்வதன் மறுபாதி, அதைக் குறைவாக வைக்கச் சொல்வதே.

கடந்த நத்தாருக்கு முன்னர் நண்பர் தொலைபேசியில் அழைத்தார். இங்கு எழுதியவற்றையே அவரிடமும் சொன்னேன். அருந்துபவர்கள் ஆறு பேர். ஒரு காவா, ஒரு ரீஸ்லிங், ஒரு போஜொலே வில்லாஜ், புடிங்கிற்கு ஒரு மொஸ்கட்டெல். நான்கு போத்தல்களும் 40 பவுணுக்குள் முடிந்தன. முந்திய தடவை வாங்கிய ஒற்றைப் போத்தலை விட 25 பவுண் குறைவு.

நத்தார் கழிந்த மறுநாள் மீண்டும் அழைத்தார். "அண்ணை, சம்பந்தியம்மா ரெண்டாந்தரம் கறி கேட்டு வாங்கிச் சாப்பிட்டவ. அந்த ரீஸ்லிங்கின்ரை பேரையும் எழுதிக்கொண்டு போனவ" என்றார். மொஸ்கட்டெல் போத்தலில் பாதி மிஞ்சியதாகவும், அதை மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருப்பதாகவும் சொன்னார். விலை என்னவென்று எவரும் கேட்கவில்லையாம்.